குழாய்மேல் குழாய்

ஓர் அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய் ஒன்றை மேசைமேல் படுக்கப் போடுங்கள். அதே குழாயிலிருந்து நேராக அறுத்த துண்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். கையை எடுத்தால் சாய்ந்துவிடும், அதனால் பிடித்துக்கொண்டே குனிந்து பாருங்கள். மேல் குழாயின் விளிம்பு கீழ்க் குழாயின் முதுகை இரண்டே இடங்களில்தான் தொடும். அங்கிருந்து விளிம்பைச் சுற்றி வந்தால் இடைவெளி பெருகிக்கொண்டே போகும். இரு பக்கங்களிலும் அது 12.7 மி.மீ., அதாவது குழாயின் ஆரம் முழுவதும்.

இந்த மூட்டைப் பற்றவைக்க வேண்டுமானால் மேல் குழாயின் முனையை மீன் வாய் போலக் குடைந்தெடுக்க வேண்டும். மாடிப்படிக் கைப்பிடி, பூங்கா ஊஞ்சல், சைக்கிள் சட்டம், பந்தய வண்டியின் கூண்டு என்று உருண்டைக் குழாய் இன்னோர் உருண்டைக் குழாயைச் சந்திக்கும் இடத்திலெல்லாம் இந்த வேலை உண்டு. நாட்ச் போடுவது என்பார்கள். இதற்கென்றே விற்கும் இயந்திரங்கள் ஐந்தாறு வகை. எதை வாங்கலாம் என்று கேட்டால், மோட்டாரின் குதிரைத் திறனையும் நிமிடத்துக்கு எத்தனை முனை வெட்டும் என்பதையும் விற்பவர் சொல்வார். இரண்டும் தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் நாட்ச்சிங் மெஷின் காசை மிச்சப்படுத்துவது வெட்டும் மேசையில் அல்ல, அடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கும் வெல்டரிடம். அவர் கைக்கு வரும் முனையில் எவ்வளவு இடைவெளி மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்தே மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் கட்சி. அதற்குக் கொஞ்சம் வடிவியல் வேண்டும்.

குடைய வேண்டிய ஆழத்தை மேல் குழாய் மட்டும் முடிவுசெய்வதில்லை. ஓர் அங்குலக் குழாய் இன்னோர் ஓர் அங்குலக் குழாய்மேல் உட்கார 12.7 மி.மீ. குடைய வேண்டும். கீழ்க் குழாயை ஒன்றரை அங்குலமாக மாற்றினால் 4.9 மி.மீ. போதும். இரண்டு அங்குலம் என்றால் 3.4 மி.மீ. முதல் அரை அங்குலத்தில் ஆழம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அடுத்த அரை அங்குலம் ஒன்றரை மி.மீ.தான் குறைத்தது. விட்டம் கூடக் கூடக் கீழ்க் குழாயின் முதுகு தட்டையாகிக்கொண்டே போவதால் வரும் விளைவு இது. இரண்டும் சம விட்டம் என்னும்போது மேல் குழாயின் சுவர் கீழ்க் குழாயின் விலாவை உரசிக்கொண்டு பாதி உயரம் வரை இறங்க வேண்டியிருக்கிறது. அங்கே இரு பக்கமும் இரண்டு நாக்குகள் நீண்டு, நுனியில் காகிதக் கனத்துக்கு மெலிந்துவிடும். அந்த நுனியை வெல்டர்கள் பெரும்பாலும் தேய்த்து எடுத்துவிடுவார்கள். கீழ்க் குழாய் சூடேறுவதற்குள் அது உருகி ஓடிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். வரைபடம் போடும்போதே கீழ்க் குழாயை ஓர் அளவு பெரிதாக்க முடியுமானால், எந்த மெஷின் வாங்கினாலும் வேலை பாதி சுலபம்.

சம விட்டக் குழாய்களின் சந்திப்பு கணிதத்தில் மிகப் பழைய சங்கதி. ஒரே விட்டமுள்ள இரண்டு உருளைகள் செங்குத்தாக ஒன்றையொன்று ஊடுருவும்போது, இரண்டுக்கும் பொதுவான பகுதியின் கன அளவு என்ன? அதைச் சுற்றி இறுக்கமாக ஒரு கனசதுரம் வரைந்தால், அதில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு என்று எரட்டோஸ்தனிசுக்கு எழுதிய ஒரு நூலில் ஆர்க்கிமிடீஸ் சொல்லியிருந்தார். நூல் தொலைந்துபோனது. 1906-இல் கான்ஸ்டான்டிநோபிளில், ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தின் எழுத்துகளுக்கு அடியில் சுரண்டி அழிக்கப்பட்ட மை வரிகளாக, ஹைபர்க் என்ற டேனிஷ் அறிஞர் அதைப் படித்தெடுத்தார். சீனத்தில் மூன்றாம் நூற்றாண்டிலேயே லியூ ஹுய் இதே வடிவத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார். வட்டங்களால் ஆன வடிவம், ஆனால் விடையில் பை (π) இல்லை என்பதுதான் இதில் எல்லோரையும் ஈர்த்தது.

பை ஏன் இல்லை என்ற காரணம் பட்டறைக்கும் பயன்படுகிறது. இரு உருளைகளின் அச்சுகளுக்கும் இணையான தளத்தில் அந்தப் பொதுப் பகுதியை எந்த மட்டத்தில் சீவினாலும் கிடைப்பது சதுரம். அந்தச் சதுரங்களின் மூலைகளே இரு குழாய்களும் சந்திக்கும் கோட்டின் புள்ளிகள். சதுரம் சிறிதானாலும் பெரிதானாலும் அதன் மூலைகள் அதே இரண்டு மூலைவிட்டங்களின் மேல்தான் விழும். ஆக, வளைந்து நெளிவதாகத் தெரியும் அந்தச் சந்திப்புக் கோடு, உண்மையில் 45 பாகை சாய்ந்த இரண்டு தட்டையான வெட்டுகள். நாட்ச்சிங் மெஷினே இல்லாத பட்டறையில் சாதாரணக் கட்டிங் மெஷினை 45 பாகைக்குத் திருப்பி, முனையின் இரு பக்கமும் ஒவ்வொரு வெட்டுப் போட்டுக் காரியத்தை முடிப்பவர்கள் ஆர்க்கிமிடீசின் வழியில்தான் போகிறார்கள். சாய்ந்த மூட்டிலும் இந்த வித்தை செல்லும். இரு வெட்டுகளின் கோணங்கள் மட்டும் வேறுபடும். விட்டங்கள் சமமாக இல்லாவிட்டால் செல்லாது.

அப்படியானால் எதற்குத் தனி மெஷின்? குழாய்க்குக் கனம் இருப்பதால். கணக்கு பேசுவது வெளிப்பரப்பைப் பற்றி மட்டும். தட்டையாக வெட்டிய முனையில் வெளி விளிம்பு சரியான கோட்டில் இருந்தாலும், சுவரின் உள் விளிம்பு கீழ்க் குழாயில் முதலில் இடித்துக்கொள்ளும். மேல் குழாய் உட்காராது. ஓர் அங்குலக் குழாயில் சுவர் 3 மி.மீ. என்று வையுங்கள். நாக்கின் நுனியில் உள் விளிம்பு, வெளி விளிம்பைவிட 8 மி.மீ. மேலே இருந்தாக வேண்டும். 1.2 மி.மீ. சுவரில் தேய்க்க வேண்டிய இரும்பு கொஞ்சம், கை கிரைண்டரால் ஒரு சுற்றுச் சுற்றினால் தீர்ந்துவிடும். 3 மி.மீ. சுவரில் அந்தத் தேய்ப்பே தனி வேலையாகிவிடும். ஒவ்வொரு முனையும் தேய்ப்பவரின் கைக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சம் மாறும்.

மாறினால் என்ன, மிஞ்சும் இடைவெளியை வெல்டர் பில்லர் ராடால் நிரப்பிவிட மாட்டாரா? நிரப்புவார். அதற்கான விலை வேறு இடத்தில் வசூலாகும். மூலையில் முக்கோணமாக விழும் வெல்டின் கால், அதாவது செங்கோணத்தை ஒட்டிய பக்கம், 3 மி.மீ. என்றால் அதன் குறுக்குவெட்டு 4.5 சதுர மி.மீ. இடைவெளியை மூட வேண்டிக் காலை 5 மி.மீ. ஆக்கினால் 12.5 சதுர மி.மீ. கால் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை, ஊற்றும் உலோகமோ ஏறத்தாழ மூன்று மடங்கு. நேரமும் வாயுவும் அதற்கேற்பக் கூடும். அவை போனால் போகட்டும். வெப்பம்தான் உண்மையான செலவு. எஃகு உருகுநிலையிலிருந்து அறை வெப்பத்துக்கு ஆறும்போது நீளத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் சுருங்கப் பார்க்கும். இரு பக்கமும் சமமாக ஊற்றியிருந்தால் இழுப்பும் ஏறக்குறைய சமமாகி மூட்டு நேராக நிற்கும். ஒரு பக்கம் இடைவெளி அதிகம், அங்கே அதிகம் ஊற்றினோம் என்றால் குழாய் அந்தப் பக்கம் சாயும். கதவுச் சட்டம் வெல்டிங் முடிந்ததும் கோணிக்கொண்டு நிற்பதற்கு வெல்டரைத் திட்டுகிறோம். அவரிடம் வந்து சேர்ந்த முனையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது. கைப்பிடிகளுக்குப் பயன்படும் 304 ரகம், சாதாரண இரும்பைவிட ஒன்றரை மடங்கு அளவுக்கு விரியும், சுருங்கும். வெப்பத்தைக் கடத்துவதில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். கொடுத்த சூடு மூட்டிலேயே தங்கி, இழுக்கும் வேலையை முழுமையாகச் செய்கிறது.

பழைய கறுப்பு சைக்கிள்களில் இந்தக் கவலை மட்டாக இருந்தது. குழாய்கள் சந்திக்கும் இடத்தில் லக் என்ற இரும்பு உறை இருக்கும். குழாய் முனை அதற்குள் புகுந்து, இடுக்கில் பித்தளை உருகிப் பிடித்துக்கொள்ளும். முனையை எவ்வளவு சுமாராக வெட்டினாலும் வெளியே தெரியாது. குழாய் செய்பவர்களும் மூட்டின் சூட்டை நினைத்தே வேலை பார்த்தார்கள். முனைகளில் கனமாகவும் நடுவில் மெல்லிதாகவும் குழாய் இழுக்கும் முறைக்கு இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897-இல் காப்புரிமை வாங்கினார். இன்றும் நல்ல எஃகு சைக்கிள் சட்டங்களில் அந்த வகைக் குழாய்தான். அதில் நாட்ச் போடுபவர் கனமான பகுதி எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்தே வெட்ட வேண்டும். ஆழமாகக் குடைந்துவிட்டால் பற்றவைக்க வேண்டிய இடத்தில் மெல்லிய சுவர் வந்து நிற்கும்.

உறை போய் நேரடி வெல்டிங் வந்த பிறகு முனைதான் எல்லாம். இதை எண்களில் பார்க்க, கல்லூரி மாணவர்கள் கட்டும் பாஹா வண்டி வசதியான உதாரணம். காட்டுப் பாதையில் ஓடும் ஒற்றை இருக்கை வண்டிகளுக்கான இந்தப் போட்டி 1976-இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்தியப் போட்டி மத்தியப் பிரதேசத்தின் பிதாம்பூரில் நடந்துவருகிறது, தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி அணிகளும் போகின்றன. வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் கூண்டுக்கு விதிமுறை சொல்லும் அடிப்படைக் குழாய் ஓர் அங்குல விட்டமும் சுமார் 3 மி.மீ. சுவரும் கொண்ட எஃகு, கார்பன் 0.18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அல்லது வளைவில் அதற்கு ஈடான விறைப்பும் வலிமையும் உள்ள வேறொரு எஃகுக் குழாய். பல அணிகள் இரண்டாவது வழியில் போய், 4130 என்ற குரோமியம்-மாலிப்டினம் எஃகில் ஒன்றேகால் அங்குல விட்டமும் 1.65 மி.மீ. சுவரும் உள்ள குழாயை எடுக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் விறைப்பு சுமார் 30 சதவீதம் கூடுகிறது, எடை 27 சதவீதம் குறைகிறது. இரும்பை அச்சிலிருந்து தள்ளி வைத்தால் குறைந்த இரும்பே அதிகம் உழைக்கும் என்பதே இதன் ரகசியம்.

இந்த லாபம் சும்மா வருவதில்லை. சுவர் பாதியானதும் வெல்டிங்கில் பொறுத்துக்கொள்ளும் இடைவெளியும் சுருங்கிவிடுகிறது. 3 மி.மீ. சுவரில் ஒரு மி.மீ. இடைவெளியை சிஓ2 வெல்டிங் மூடிவிடும். 1.65 மி.மீ. சுவரில், அதுவும் ஆர்கான் வெல்டிங்கில், அதே இடைவெளியின் ஓரங்கள் உருகிப் பின்வாங்கி, ஓட்டை விழுந்து, நிரப்ப நிரப்பப் பெரிதாகும். எடை குறைக்க நினைக்கும் எந்த வடிவமைப்பும் பெரிய விட்டம், மெல்லிய சுவர் என்ற திசையில்தான் நகரும். ஆகவே நல்ல நாட்ச்சின் தேவை எடை குறைப்போடு சேர்ந்தே வளர்கிறது. மெஷினைப் பார்க்கும் முன் உங்கள் குழாயின் சுவரைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இனி மெஷின்கள். மிகவும் மலிவானது ஹோல் சா வகை. கதவில் பூட்டுக்கு ஓட்டை போடும் அதே வட்ட ரம்பத்தை ஒரு தண்டின் முனையில் பூட்டி, தண்டை ஒரு புஷ்ஷுக்குள் ஓடவிட்டு, எதிரே குழாயை வேண்டிய கோணத்தில் இறுக்கிப் பிடித்திருப்பார்கள். தண்டைச் சுழற்றுவது கை டிரில்லாக இருக்கலாம், டிரில்லிங் மெஷினாக இருக்கலாம். கருத்து அழகானது. ரம்பத்தின் விட்டமும் கீழ்க் குழாயின் விட்டமும் ஒன்று, ரம்பத்தின் அச்சே கீழ்க் குழாயின் அச்சு. ரம்பம் கீழ்க் குழாயாக நடித்துக்கொண்டு மேல் குழாயை ஊடுருவிப் போகிறது. அதனால் வெளி விளிம்பு, உள் விளிம்பு, நடுக் கனம் எல்லாம் தாமாகவே சரியாக வெட்டுப்படுகின்றன. மேலே நாம் பட்ட கணக்குத் தொல்லை எதுவும் வேலை செய்பவருக்கு இல்லை. சின்னப் பட்டறைக்கு, வாரம் சில சட்டங்கள் மட்டும் கட்டும் இடத்துக்கு, முதல் மெஷினாக நான் இதைத்தான் சொல்வேன்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் வேகம். சாதா இரும்பில் 25 மி.மீ. பைமெட்டல் ஹோல் சா நிமிடத்துக்கு 350 சுற்று அளவில் ஓட வேண்டும், 38 மி.மீ. என்றால் 230, 50 மி.மீ. என்றால் 170. மூன்றிலும் பல்லின் ஓட்ட வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 27 மீட்டர்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதிலும் பாதி. 2,800 சுற்றில் ஓடும் வீட்டு டிரில் ஒன்றில் 25 மி.மீ. ரம்பத்தை மாட்டி ஓட்டினால் பல் நிமிடத்துக்கு 220 மீட்டர் போகும். ஓரிரு முனை வெட்டியதும் பற்கள் நீலம் பாரித்து மழுங்கிவிடும். பிறகு மெஷின் சரியில்லை என்ற பேச்சு வரும். மெதுவாக ஓடக்கூடிய, ஆனால் முறுக்கு விசை குறையாத டிரில்லுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்காமல் இந்த மெஷினை வாங்குவதில் பயனில்லை. வெட்டும்போது எண்ணெய் விட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது ஆட்டம். ரம்பம் சாய்வான குழாயில் நுழையும்போது ஒரு பக்கப் பற்கள் மட்டுமே முதலில் இரும்பைத் தொடும். ஓட்டை போடும்போது நடுவில் வழிகாட்டும் டிரில் பிட் இங்கே கிடையாது. ரம்பத்தின் உடம்போ மெல்லிய தகடு. எல்லாப் பாரத்தையும் தண்டும் புஷ்ஷும்தான் தாங்க வேண்டும். கடையில் தண்டின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புது மெஷினிலேயே கையில் உணரும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் அடுத்ததைப் பார்க்கலாம். பேரிங் போட்ட தண்டு, கனமான வார்ப்பு உடம்பு, குழாயை இரண்டு இடத்தில் கவ்வும் பிடி, இந்த மூன்றும் மோட்டார் திறனைவிட முக்கியம்.

மூன்றாவது எல்லை ரம்பத்தின் ஆழம். பொதுவாக அது 40 மி.மீ. சுற்றுவட்டத்தில் இருக்கும். ஓர் அங்குலக் குழாயைச் செங்குத்தாகக் கடக்க 25 மி.மீ. போதும். 45 பாகைச் சாய்வில் 36 மி.மீ. வேண்டும். 30 பாகை என்றால் 51 மி.மீ., ரம்பம் எட்டாது. பாதியில் நிறுத்தி, வெட்டிய துண்டை உடைத்தெடுத்துவிட்டு மறுபடி உள்ளே விட வேண்டும். விளம்பரத்தில் மெஷின் எத்தனை பாகை வரை சாயும் என்று போட்டிருந்தாலும், ரம்பம் அவ்வளவு தூரம் வருமா என்பது வேறு கேள்வி. இதோடு, மிக மெல்லிய குழாயில் ஒரு பல் சுவருக்குள் நுழையும்முன் முந்தைய பல் வெளியேறிவிடும். பல் மாட்டிக்கொண்டு குழாயைச் சுண்டும், சில சமயம் டிரில் பிடித்த மணிக்கட்டையும் சுண்டும். நெருங்கிய பல் உள்ள ரம்பத்தைத் தேடிப் போட்டால் ஓரளவு அடங்கும்.

எண்ட் மில் வகையில் ரம்பத்துக்குப் பதில் திடமான மில்லிங் கட்டர். அது வளையாது, ஆழக் கணக்கும் தாராளம். கனமான சுவருக்கும் 4130 போன்ற கெட்டியான எஃகுக்கும் இதுதான் ஏற்றது. முனையிலிருந்து உள்நோக்கித் தின்றுகொண்டே வருவதால் உடைத்தெடுக்கத் துண்டு எதுவும் இல்லை. விலை அதிகம். ஒவ்வொரு விட்டத்துக்கும் ஒரு கட்டர், கட்டரும் மலிவானதல்ல. பக்கத்தில் மில்லிங் மெஷின் உள்ள லேத் பட்டறை இருந்தால், குழாயை வைஸில் சாய்த்துப் பிடித்து இதே வேலையைக் கூலிக்குச் செய்துகொள்ளலாம்.

பெல்ட் வகை கைப்பிடிக்காரர்களின் மெஷின். ஒரு ரோலரைச் சுற்றி மணல் பெல்ட் ஓடும். குழாய் முனையை அதில் அழுத்தினால் ரோலரின் வளைவு முனையில் பதியும். வெட்டும்போதே பிசிறும் போய்விடும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அதற்கு ஒரு பொருட்டில்லை. பல் என்ற ஒன்றே இல்லாததால் மெல்லிய சுவர் மாட்டிக்கொள்ளும் பேச்சும் இல்லை. விட்டம் மாறினால் ரோலரை மாற்ற வேண்டும், ரோலர் விட்டத்தோடு பெல்ட்டின் கனத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பெல்ட் தேய்ந்துகொண்டே இருக்கும் செலவு. பறக்கும் தூளுக்கு உறிஞ்சி வேண்டும். இரும்பு தேய்த்த பெல்ட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தேய்க்கவே கூடாது. ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள் சில மழைக்குப் பிறகு துருப் புள்ளிகளாகத் தலைகாட்டும். பளபளக்க வேண்டிய பால்கனிக் கைப்பிடியில் அதைப் பார்த்த வீட்டுக்காரர் குழாய் டூப்ளிகேட் என்றுதான் நினைப்பார்.

பஞ்ச் வகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரே அளவு, ஒரே 90 பாகை, நாள் முழுக்க நூற்றுக்கணக்கான முனை என்றால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரு குத்தில் ஒரு பக்கம், திருப்பி மறுபக்கம். வெட்டும் இடத்தில் குழாய் கொஞ்சம் நசுங்கும், சாய்வு மூட்டுக்கு உதவாது, அளவுக்கு ஒரு டை வேண்டும்.

குழாயை வெட்டும் சிஎன்சி லேசரைச் சின்னப் பட்டறை வாங்க வேண்டியதில்லை. கோவையிலும் சென்னையிலும் கூலிக்கு வெட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பினால் இரு முனை நாட்ச், நீளம், எந்தக் குழாய் எங்கே என்ற எண் எல்லாம் பதிந்து வரும். அனுப்பும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: லேசர் தலை சாயுமா? சாயாத தலை எப்போதும் குழாயின் அச்சை நோக்கியே வெட்டும். ஹோல் சா தானாகச் செய்த உள்-வெளி விளிம்புச் சமாச்சாரம் இங்கே மறுபடி முளைக்கிறது. வெளி விளிம்புக் கோட்டில் வெட்டினால் உள் விளிம்பு இடிக்கும். ஆகவே உள் விளிம்புக் கோட்டில் வெட்ட வேண்டும். அப்போது வெளியே ஓர் இடுக்கு விழும். ஓர் அங்குலச் சமக் குழாய்களில், 3 மி.மீ. சுவரில், அது மிக அதிகமான இடத்தில் 2.4 மி.மீ. உள்ளே தொட்டுக்கொண்டு வெளியே திறந்திருப்பதால் வெல்ட் இறங்க அது வழிவிடுகிறது என்றும் சொல்லலாம். மெல்லிய சுவரில் இடுக்கும் ஏறக்குறைய அதே விகிதத்தில் சுருங்குவதால் அநேகமாகத் தொல்லையில்லை. கனமான சுவருக்குச் சாயும் தலையே நல்லது.

எந்த வகையை எடுத்தாலும் எல்லோரும் ஒரு முறையாவது மாட்டிக்கொள்ளும் அளவுக் குழப்பம் ஒன்று உண்டு. டியூப் என்று விற்பதற்கு அங்குலம் என்பது வெளிவிட்டம். தண்ணீர்க் குழாய் ரகத்தில், ஐ.எஸ். 1239 தரத்தின்படி விற்கும் பைப்புக்கு, அங்குலம் என்பது வெறும் பெயர். அந்த ஓர் அங்குல பைப்பின் வெளிவிட்டம் 33.7 மி.மீ. ஒன்றரை அங்குலம் என்பது 48.3 மி.மீ. ஏ, பி, சி என்ற மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டைகள் சுவரின் கனத்தைச் சொல்கின்றன, கனம் கூடும்போது பைப் உள்பக்கம்தான் குறுகும். பைப் வேலைக்குப் போகும் மெஷினோடு 25, 38 என்று ஹோல் சாக்களை வாங்கிவந்தால் ஒன்றுகூடப் பொருந்தாது. சரியான அளவு கிடைக்காதபோது அரை மி.மீ. பெரியதை எடுக்கலாம். சிறியதை எடுத்தால் நாக்குகள் இரண்டும் கீழ்க் குழாயின் விலாவில் இடித்துக்கொண்டு, நடுவில் வெளிச்சம் தெரியும். கால்வனைஸ் செய்த பைப் என்றால் முனையைச் சுற்றித் துத்தநாகத்தைத் தேய்த்து எடுப்பதையும் இதே மேசையில் முடித்துவிட வேண்டும். அது 907 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும், எஃகு உருகும் முன் புகையாகி வெல்டரின் மூச்சில் ஏறும்.

கூண்டு போன்ற வேலையில் இன்னொரு தேவை சேர்கிறது. குழாய்க்கு இரண்டு முனை. 40 குழாய் உள்ள சட்டத்தில் 80 நாட்ச். ஒரு முனையின் நாட்ச்சுக்கும் மறுமுனையின் நாட்ச்சுக்கும் இடையே உள்ள திருப்பம் தவறினால், இரண்டும் தனித்தனியே அப்பழுக்கில்லாமல் இருந்தாலும் குழாய் உட்காராது. ஒன்றேகால் அங்குலக் குழாயில் 2 பாகைத் திருப்பம் விளிம்பில் அரை மி.மீ.க்கு மேல் நகர்த்திவிடும். குழாயின் திருப்பத்தைக் காட்டும் பாகைமானி உள்ள மெஷின்கள் சில. இல்லாதவற்றில் குழாயின் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்து, அதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இதற்கு வசதியாகப் பிடியின்மேல் ஒரு குறி இருக்கிறதா என்று பார்ப்பது, பெயின்ட் எவ்வளவு பளபளக்கிறது என்று பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

வாங்கப் போகும்போது உங்கள் குழாயையே கொண்டுபோங்கள். 300 மி.மீ. நீளத் துண்டு ஒன்றில் 90 பாகைக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். வைஸில் பிடித்த கீழ்க் குழாயின்மேல் அதை உட்கார வைத்து, பின்னால் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தால் இடுக்கு தெரியும். ஃபீலர் கேஜ் நுழைத்து அளக்கலாம். அதோடு நிறுத்தக் கூடாது. மேல் குழாயின் இப்போதைய நிலையைக் குறித்துக்கொண்டு, அதை அப்படியே 180 பாகை திருப்பி மறுபடி உட்கார வையுங்கள். மெஷினின் 90 பாகை உண்மையில் 89 என்றால், 300 மி.மீ. உயரத்தில் நுனி ஒரு பக்கம் 5 மி.மீ. சாய்ந்திருக்கும். திருப்பி வைத்ததும் மறுபக்கம் 5 மி.மீ. சாயும். மொத்தம் 10 மி.மீ. தள்ளி நிற்பதைப் பார்க்க மூலைமட்டம்கூட வேண்டாம். ரம்பத்தின் அச்சு குழாயின் நடுவை விட்டு ஒரு மி.மீ. விலகியிருந்தால், கீழ்க் குழாயின் குறுக்கே அதுவும் 2 மி.மீ. ஆகத் தெரியும். கோணப் பிழையை அளவுகோலைத் தளர்த்தித் திருத்தலாம், பெரும்பாலான மெஷின்களில் முடியும். நடு விலகலைத் திருத்தப் பிடியின் அடியில் நகரும் திருகு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் விலை பேசலாம். இல்லாத மெஷினில் அந்த ஒரு மி.மீ. விலகல் ஒவ்வொரு முனையோடும் வெல்டரின் மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.